பணம் கட்டும் முன் பட்டத்தின் பெயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு ஏக்கர் மல்லி வைத்திருக்கிறோம். இரவு மூன்று மணிக்கே நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் பூப்பறிக்க இறங்கிவிடுவோம். அந்தப் பூக்காசில்தான் மூத்தவனைப் படிக்க வைத்தோம்.

காட்டோரத்தில் வளர்ந்த பையன். யானைத் தடத்தைப் பார்த்தே கூட்டத்தில் குட்டி இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். ஒரு தனியார் கல்லூரியில் 'இயற்கை வள மேலாண்மை' பட்டப்படிப்பில் சேர்த்தோம். அவர்கள் கொடுத்த தாளில் புலிப் படமும், கீழே 'வனத்துறையில் வேலை வாய்ப்பு' என்ற வரியும் இருந்தன. ஆண்டுக்கு 90,000 ரூபாய், ஹாஸ்டல் தனி. அடகுக்குப் போன என் நாலு பவுன் சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

படித்து முடித்து, இந்திய வனப்பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தான். தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றையாவது பாடமாகப் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வனவியல், வேளாண்மை, பொறியியல் பட்டம் வேண்டும். மதிப்பெண் பட்டியல்களை மேசையில் பரப்பி, ஒவ்வொரு தாளாக விரல் வைத்துப் பார்த்தோம். 'வள மேலாண்மை 1', 'வள மேலாண்மை 2', 'சுற்றுலாவும் சூழலும்'... ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பையன் ஒன்றும் பேசாமல் தாள்களை அடுக்கிக் கவருக்குள் வைத்தான்.

அரசு கலைக் கல்லூரியில் சில ஆயிரம் ரூபாய் செலவில் தாவரவியல் படித்த அவன் கூட்டாளி அதே தேர்வை எழுதலாம். இது எங்களுக்கு முன்னாடியே தெரிந்திருந்தால்!

இப்போது மகள் பிளஸ் டூ. அவளுக்கும் காடுதான் கனவு. இந்த முறை நானே விசாரித்தேன். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நான்கு ஆண்டு வனவியல் பட்டம். நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு; அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இவ்வளவும் இருப்பது என் மகளின் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. நர்சிங், இன்ஜினியரிங் இரண்டைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மண்ணையும் தண்ணீரையும் காட்டையும் படிப்பது வீண் என்று நான் சொல்லவே இல்லை. மகனுக்கு அந்தப் பாடத்தின் மேல் இன்றைக்கும் பிரியம் குறையவில்லை. பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று பணம் கட்டிவிடாதீர்கள் என்றுதான் பெற்றோர்களைக் கேட்கிறேன். கல்லூரி அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது, "இந்தப் பட்டத்தை வைத்து எந்தெந்தத் தேர்வு எழுதலாம்?" என்பதை. பதிலை எழுதியே வாங்குங்கள்.

பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில், இந்தத் தகுதிப் பட்டியலையும் வனவியல் விண்ணப்ப விவரத்தையும் ஒவ்வொரு அரசுப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் அதை வெளியிட்டு உதவினால், எங்களைப் போன்ற இன்னொரு வீட்டில் சங்கிலி அடகுக்குப் போகாது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சத்தியமங்கலம்.