ஞாயிறு ஓட்டம்: கிளம்பும் முன் பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள்

நண்பர்களே, இந்த ஞாயிறு காலை 6 மணிக்கு நம் பழைய கார்களோடு ராயபுரம் ரயில் நிலையம் முன்னால் சேர்கிறோம். 1856இல் திறந்த கட்டடம் அது. நம் ஹெரால்டு காரெல்லாம் அதன் எதிரே சின்னப் பிள்ளை. அங்கிருந்து திருவொற்றியூர் வரை மெதுவாக ஓட்டம். எண்ணூர் விரைவுச் சாலை வேண்டாம், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டி நின்றால் அவ்வளவுதான்.

பத்மினி, அம்பாசடர்காரர்கள் பெட்ரோல் ஹோஸை விரலால் நசுக்கிப் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது, உப்பிப்போகும். பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். வண்டியின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வுக்கும் இதே கதைதான். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துபவர்கள் டேங்கையும் கவனியுங்கள்.

அப்புறம், காசிமேட்டு உப்புக்காற்று தெரிந்ததுதானே. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளில் மண் அடைத்திருக்கும். குச்சியால் குத்தி விடுங்கள். துரு அங்கேதான் பிடிக்கும். மேலே பட்டி பூசி மறைப்பதெல்லாம் விற்கிறவன் வேலை, வைத்துக்கொள்கிறவன் செய்ய மாட்டான்.

வருகிறவர்கள் வண்டிப் பெயரோடு சனி இரவுக்குள் பதில் போடுங்கள். பொங்கல், வடை செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம்.