சுவரொட்டி யாரைக் கூப்பிடுகிறது?

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மகள் வரைகலை படிக்கத் தொடங்கியிருக்கிறாள் என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ரொறன்ரோவில் குளிர் தொடங்குவதற்கு முன் முழுதாகச் சுகமாகட்டும். இங்கே கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. பின்னேரம் உவர்மலைப் பக்கம் நடக்கப் போனால் கண்ணெல்லாம் புழுதி. கடை ஓடுகிறது. தூரிகை பிடித்துப் பெயர்ப்பலகை எழுதிய நான் இப்போது கணினியில் எழுத்தை நகர்த்திக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பதாகையும் மரண அறிவித்தலும் மாறி மாறி வருகின்றன.

மகள் கேட்ட கேள்வியை ஓரிரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. ஒரு சினிமாச் சுவரொட்டி, தான் எந்த வகைப் படம், யாருக்கான படம் என்பதை எப்படிச் சொல்கிறது என்று கேட்டிருக்கிறாள். நான் வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருக்கிற விஷயம் இது. நீயும் சேர்ந்து வாசித்துவிட்டு அவளிடம் கொடு.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த அந்த நீண்ட மதிலை அவளுக்குச் சொல்லியிருக்கிறாயா? தமிழ்ப் படத்தின் சுவரொட்டியும் சிங்களப் படத்தின் சுவரொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். நமக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டவும் தெரியாத வயது. ஆனாலும் எது சண்டைப் படம், எது காதல் படம், எது பெரியவர்கள் பார்த்து அழுகிற படம் என்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே முடிவு கட்டிவிடுவோம். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மூதூர் லாஞ்சுக்குக் காத்திருப்பவரும், கிண்ணியாவிலிருந்து துறை கடந்து சாமான் வாங்க வந்தவரும், கந்தளாயிலிருந்து நெல் விற்க வந்தவரும் அதே மதிலைத்தான் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு ஒரு மொழிதான் வாசிக்கத் தெரியும். சிலருக்கு எதுவுமே வாசிக்கத் தெரியாது. அப்படியும் தனக்கான படம் எது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது.

ஆகவே மகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது: சுவரொட்டியில் எழுத்தின் பொருள் கடைசியாகத்தான் வந்து சேருகிறது. முதலில் நிறம். அடுத்தது முகம் எவ்வளவு பெரிது, அது எங்கே பார்க்கிறது என்பது. பிறகு எழுத்தின் உருவம். அதற்கும் பிறகுதான் அந்த எழுத்து என்ன சொல்கிறது என்பது.

முகம் எங்கே பார்க்கிறது என்பதை அவள் கவனமாகப் பார்க்கட்டும். நாயகன் நம்மை நேராகப் பார்த்தால் அது சவால், அவனுக்காகத்தான் படம். இருவர் ஒருவரையொருவர் பார்த்தால் காதல். ஒரு வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் தோளோடு தோள் நெருங்கி நின்று நம்மைப் பார்த்துச் சிரித்தால் குடும்பப் படம். ஒரு பெண் சட்டத்துக்கு வெளியே, நமக்குத் தெரியாத எதையோ பார்த்து விழி விரித்தால் அது திகில் படம். அவள் பார்ப்பதை நாமும் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் எடுக்க வேண்டும். அம்மன் படமென்றால் சிவப்பும் மஞ்சளும், சூலமும் வேப்பிலையும். அங்கே நடிகையின் பெயர் சிறிதாக இருந்தாலும் குறையில்லை. கிராமத்துப் படமென்றால் மண் நிறமும் வேட்டியும் அரிவாளும்.

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நம் ஊர் வெயிலில் சுவரொட்டியின் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளிறும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். கோதுமை மாப் பசையில் ஒட்டிய புதுத் தாளில் காதலர்களின் கன்னம் ரோஜா நிறமாக இருக்கும். சில வாரம் வெயிலில் நின்றபின் அதே கன்னம் நீலம் பாய்ந்து, பேய்ப்படத்து முகமாகிவிடும். நிறம் மாறினால் படத்தின் வகையே மாறித் தெரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. அவளுடைய கணினியில் ஒரு காதல் படச் சுவரொட்டியை எடுத்து மஞ்சளையும் சிவப்பையும் குறைத்துப் பார்க்கச் சொல்.

இனி, யாருக்காக என்ற கேள்வி. ஒரு தனிப் படத்துக்கென்று வந்த சுவரொட்டிகளில் முதலாவதாகச் சொல்லப்படுவது 1896இல் பிரான்சில் மார்செலின் ஓசோல் வரைந்தது. லூமியேர் சகோதரர்களின் சின்ன வேடிக்கைப் படம் அது. தோட்டக்காரன் முகத்தில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஓசோல் அந்தக் காட்சியைத் திரைக்குள் வரைந்துவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிற சனங்களையும் வரைந்தார். இது சிரிப்புப் படம், சிரிக்கப்போவது நீங்கள் என்று ஒரே தாளில் சொல்லிவிட்டார். பார்ப்பவனையே படத்துக்குள் வைத்துவிட்ட அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நம்முடைய தியேட்டர்களிலும் இது இருந்தது. மலிவு டிக்கெட் கலரிக்கு ஒரு முகம், பல்கனிக்கு ஒரு முகம். ஒரே படத்துக்கு மீன் சந்தைப் பக்கம் ஒட்டியதில் நாயகன் கம்பு சுழற்றிக்கொண்டிருப்பான். கோவில் வீதியில் ஒட்டியதில் அதே நாயகன் தாயின் மடியில் தலை வைத்திருப்பான். ‘குடும்பத்தோடு கண்டு களியுங்கள்’ என்ற வரி ஆண்களுக்காக எழுதியதல்ல. வீட்டில் பிள்ளைகளையும் மாமியாரையும் விட்டுவர முடியாத பெண்ணுக்கு, நீ எல்லோரையும் கூட்டிக்கொண்டே வரலாம் என்று அது உறுதி கொடுத்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. இந்தியப் படங்கள் பல நமக்குப் பிந்தித்தான் வந்தன. பாட்டை வானொலியில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக்கிய பிறகு படம் வரும். அப்போது சுவரொட்டிக்கு வேலை குறைவு: அந்தப் பாட்டில் வரும் ஜோடியைக் காட்டினால் போதும்.

விலக்குவதற்காக வைத்த அடையாளமே கூப்பிடுகிற அடையாளமாக மாறுவதும் உண்டு. தமிழில் முதலில் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம் 1951இல் வந்த மர்மயோகி. பேய் வருகிற காட்சிகள்தான் காரணம். சிறுவர் வேண்டாம் என்று சொல்ல வந்த எழுத்து அது. பிற்காலத்தில் அதே எழுத்தை வட்டத்துக்குள் பெரிதாகப் போட்டு, அதை நம்பியே ஓடிய படங்களை நீயும் நானும் அறிவோம்.

வெளிநாட்டில் அவள் கட்டாயம் பார்க்க வேண்டியவர் சோல் பாஸ் என்ற வரைகலைஞர். 1955இல் போதைக்கு அடிமையான ஒருவனைப் பற்றிய படத்துக்கு, கறுப்புக் காகிதத்தில் கத்தரித்தது போல முறுகிய ஒரு கையை வைத்தார். நாயகன் பிராங்க் சினாட்ரா. அவர் முகத்தை நம்பியே டிக்கெட் விற்றிருக்கலாம். ஆனால் அந்தக் கைதான் படம் எப்படிப்பட்டது என்று சொன்னது. 1975இல் வந்த ஜாஸ் சுவரொட்டி இன்னொரு வழி. ரோஜர் காஸ்டல் என்ற ஓவியர் நாவலின் அட்டைக்காக வரைந்தது. மேலே நீந்துகிற பெண்ணுக்குத் தெரியாது; கீழிருந்து வாயைத் திறந்து சுறா எழும்பி வருவது நமக்குத் தெரியும். நடிகர் முகமே இல்லை. நம் கரையில் பிறந்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சுவரொட்டிகளின் அடியில் நெருக்கிப் பிடித்த ஒல்லி எழுத்துகள் ஏன் என்றும் அவள் கேட்கக்கூடும். படத்தின் பெயர் எவ்வளவு உயரமோ அதில் இத்தனை பங்கு உயரத்தில் தன் பெயர் வர வேண்டும் என்று படத்தில் வேலை செய்தவர்களின் ஒப்பந்தங்களில் இருக்கும். உயரம் குறைக்க முடியாது, ஆனால் அகலத்தை ஒடுக்கலாம். அவ்வளவுதான்.

இதிலே எனக்குக் கசக்கிற பக்கமும் இருக்கிறது. பார்ப்பவன் யார் என்று ஊகிக்கிறவர்கள் சில நேரம் அவனைக் கீழாகவே ஊகிக்கிறார்கள். 2013இல் வந்த ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ அடிமையாக விற்கப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவரின் கதை. இத்தாலியில் அதற்கு வந்த சுவரொட்டிகளில் வெள்ளையரான பிராட் பிட்டின் முகம் பெரிதாகவும், கதையின் நாயகனாக நடித்த சிவெட்டல் எஜியோஃபர் சிறிதாகவும் இருந்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அவற்றை மீளப் பெற்றார்கள். அந்த ஊர்ச் சனங்களுக்குக் கறுப்பு முகம் பிடிக்காது என்று யாரோ மேசையில் இருந்து முடிவு செய்திருக்கிறார்கள். அது சனங்களுக்குச் செய்த அவமதிப்பு.

நெட்பிளிக்ஸ் இதையே ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகச் செய்கிறது. 2017இல் அந்த நிறுவனத்தின் பொறியியலாளர்களே விளக்கி எழுதினார்கள்: ஒரே படத்துக்கு, காதல் படம் பார்க்கிறவருக்கு ஜோடியின் படம், நகைச்சுவை பார்க்கிறவருக்குச் சிரிப்பு நடிகரின் படம் காட்டலாம் என்று. திறமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸுக்கு நின்ற எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து, இது எனக்கா உனக்கா என்று கதைத்த அந்தப் பொதுமை அதில் இல்லை. அடுத்தவருக்கு என்ன காட்டினார்கள் என்று உனக்குத் தெரியவே தெரியாது.

இப்போது வரும் தமிழ்ச் சுவரொட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பலவற்றில் நட்சத்திரத்தின் முகம் மட்டும்தான். தாடி, புகை, இரத்தத் துளி. நகைச்சுவைப் படமா, வஞ்சம் தீர்க்கிற படமா என்று பிரிக்க முடியவில்லை. இங்கே ஒரு தியேட்டரில் அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். சுவரொட்டியில் நாயகன் ஒரு சிறுமியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிரிக்கிறான், பின்னால் வானம் நீலம். நம்பிக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்துவிட்டன. படத்தில் கழுத்தறுப்பு கழுத்தறுப்பாகப் போகிறது. எனக்கு முன் வரிசையில் ஒரு தாய் தன் சால்வையால் மகனின் முகத்தை மூடியபடியே இருந்தாள். அவன் விலக்குவான், அவள் மூடுவாள். இடைவேளையில் எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. சுவரொட்டி ஒரு வாக்கு, மச்சான். இன்ன மாதிரி மாலைப்பொழுதைத் தருவேன் என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு வேறொன்றைத் தருவது தவறு. அதை வியாபாரத் தந்திரம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

நல்ல செய்தியும் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளும் கிண்ணியாப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார்கள். கடலுக்குப் போன மகனின் வலையைத் தினமும் பழுது பார்த்து வைக்கிற ஒரு கிழவியின் கதை. சுவரொட்டிக்கு என்னிடம் வந்தார்கள். அவர்களே செய்து கொண்டுவந்த மாதிரியில் கறுப்புக் கடல், கவிழ்ந்த படகு, சிவப்பில் வெடித்த எழுத்து. இதைப் பார்த்து யார் வர வேண்டும் என்று கேட்டேன். எங்கள் அம்மாமார் என்றார்கள். இந்தத் தாளைப் பார்த்தால் அம்மாமார் வரமாட்டார்கள், கொலைப் படம் பார்க்கிற இளைஞர்கள் வந்து ஏமாந்து போவார்கள் என்றேன். அவர்கள் எடுத்த காட்சிகளிலேயே ஒன்றைப் பொறுக்கினோம்: கிழவியின் கை மட்டும், விரலுக்குள் வலை ஊசி, பச்சை நைலோன் நூல், நகத்தில் ஒட்டிய செதில். காலை வெளிச்சத்தின் வெளிர்மஞ்சள். முகம் வேண்டாம் என்றது அவர்களில் ஒரு பெண்பிள்ளை. யார் பார்த்தாலும் தன் அம்மம்மாவின் கையாகத் தெரியட்டும் என்றாள்.

பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுவதில்தான் வாக்குவாதம் நீண்டது. சிங்களத்தைக் கீழே பொடி எழுத்தில் போடலாம் என்றான் ஒருவன். பொடி எழுத்தில் கூப்பிட்டால், ஒப்புக்குக் கூப்பிட்டதாகத்தான் படும். கந்தளாயிலும் மகனைக் காத்திருந்த தாய்மார் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே அளவில், கையின் இரு பக்கமும் போட்டோம். எழுத்தை நானே தூரிகையால் எழுதி ஸ்கேன் செய்தேன்.

மகளிடம் சொல், அவள் செய்து பார்க்கிற சுவரொட்டிகளை எனக்கு அனுப்பட்டும். பெயரை மறைத்து அனுப்பினால் என்ன படம் என்று நான் சொல்கிறேன். நீ போகும்போது எடுத்துப்போன பழைய பாட்டுப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் அட்டைகளை வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து அனுப்பு. குறும்படப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், அவர்கள் அடுத்த படத்துக்கு இப்போதே கதை பேசத் தொடங்கிவிட்டார்கள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் அன்புடன்,
உன் மச்சான்