நிரலாளரை நாடும் இரு பிரிவுகளும் ஒரே மேசையில் அமரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையிலும் கோவையிலும் இயங்கும் மென்பொருள் நிறுவனங்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் முதலீடு, ஆள்சேர்ப்பு, ஆள்குறைப்பு ஆகிய மூன்றையே பேசுகின்றன. அந்நிறுவனங்கள் தங்கள் படைப்பை யாரிடம், எப்படிக் கொண்டுசேர்க்கின்றன என்பது அதிகம் பேசப்படுவதில்லை. முதலில் மார்க்கெட்டிங் பிரிவிலும், பிறகு மென்பொருள் எழுதுவோரோடு பழகி அவர்களுக்கு உதவும் 'டெவலப்பர் ரிலேஷன்ஸ்' எனப்படும் நிரலாளர் தொடர்புப் பிரிவிலுமாகப் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இவ்விரு பிரிவுகளும் சேர்ந்து இயங்க வேண்டிய விதம் பற்றி எழுத விரும்புகிறேன்.

இணையவழிப் பணம் பெறும் வசதி, குறுஞ்செய்தி அனுப்பும் வசதி, தரவுகளைச் சேமிக்கும் வசதி போன்றவற்றைப் பிற மென்பொருள்களுக்குள் இணைத்துக்கொள்ளும்படி விற்கும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றின் முதல் வாடிக்கையாளர், செலவுக்கு ஒப்புதல் தரும் மேலாளர் அல்லர். இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, வழிகாட்டிப் பக்கத்தில் உள்ள நிரலைத் தம் கணினியில் ஓட்டிப் பார்க்கும் நிரலாளரே. அந்த நிரல் ஓடினால் மறுநாள் தம் குழுவில் அச்சேவையைப் பற்றிப் பேசுவார். ஓடாவிட்டால், எவ்வளவு விளம்பரம் செய்தாலும் அவர் திரும்பி வருவது அரிது. ஆகவேதான் இத்தகைய நிறுவனங்கள் மார்க்கெட்டிங் பிரிவோடு, நிரல் எழுதத் தெரிந்தவர்களைக் கொண்ட தொடர்புப் பிரிவு ஒன்றையும் வைத்துக்கொள்கின்றன. இது நேற்று வந்த ஏற்பாடும் அன்று. 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் கணினியை வெளியிடுவதற்கு முன்பே, அதில் ஓடும் மென்பொருள்கள் இல்லாமல் கணினி விலைபோகாது என்று உணர்ந்த ஆப்பிள் நிறுவனம், மைக் பாய்ச், கை கவாசாகி போன்றோரை மென்பொருள் எழுதுவோரிடம் அனுப்பி, தங்கள் கணினிக்காக எழுதித் தருமாறு கேட்டது.

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. மார்க்கெட்டிங் பிரிவின் உழைப்பு, காலாண்டு முடிவில் எத்தனை பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் வந்து சேர்ந்தன என்பதைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. தொடர்புப் பிரிவு சம்பாதித்துத் தருவதோ நம்பிக்கை. அது வளர ஆண்டுகள் ஆகும், எந்த அட்டவணையிலும் எளிதில் அடங்காது. எனவே நிறுவனத்தில் நெருக்கடி வரும்போதெல்லாம் எண்ணக்கூடியதே வெல்கிறது.

எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் என்ன நேரும் என்பதற்கு, இந்தியர்களுக்கும் நேரடித் தொடர்புள்ள ஒரு நிகழ்வை நினைவூட்ட விரும்புகிறேன். இணையவழியில் சர்வர்களை வாடகைக்குத் தரும் டிஜிட்டல் ஓஷன் என்னும் அமெரிக்க நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்ற நிகழ்ச்சியை நடத்தி வருகிறது. யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிக்கப் புதியவர்களை அழைத்து வருவதே அதன் நோக்கம். நல்ல நோக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2020இல், நிரல்களைப் பகிர்ந்து சேர்ந்து எழுத உதவும் கிட்ஹப் தளத்தில் நான்கு திருத்தங்களை அனுப்பும் முதல் 70,000 பேருக்கு ஒரு டி-ஷர்ட், அல்லது அதற்குப் பதிலாக அவர்கள் பெயரில் ஒரு மரம் என்று அறிவிக்கப்பட்டது. அக்டோபர் பிறந்ததுமே, திட்ட அறிமுகக் கோப்பில் 'அருமையான திட்டம்' என்பதுபோல் ஓரிரு சொற்களைச் சேர்த்துவிட்டுத் திருத்தம் என்று அனுப்பியவை குவிந்தன. திருத்தம் அனுப்பும் முறையை விளக்கிய ஒரு யூடியூப் காணொளியில் எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்ட சிறு மாற்றத்தையே இந்திய மாணவர்கள் பலர் அப்படியே செய்து அனுப்பினார்கள். ஊதியமின்றி அத்திட்டங்களைப் பராமரித்து வந்தவர்கள், தாங்கள் கேட்காத குப்பையைத் தங்கள் ஓய்வு நேரத்தில் ஒவ்வொன்றாக நீக்க நேர்ந்தது. சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்துப் பதிந்துகொண்ட திட்டங்களுக்கு வரும் திருத்தங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று விதி மாற்றப்பட்டது. 2023இல் டி-ஷர்ட் பரிசும் கைவிடப்பட்டது.

அந்த மாணவர்களைப் பழித்து அப்போது எழுதப்பட்டவற்றைப் படித்து நான் வருந்தினேன். முதன்முறையாகக் கட்டற்ற மென்பொருள் உலகின் வாசலுக்கு வந்த இளைஞரிடம் 'நான்கு' என்ற எண்ணையும் ஒரு டி-ஷர்ட்டையும் காட்டினால், அவர் அந்த எண்ணைத்தான் எட்டப் பார்ப்பார். திட்டங்களைப் பராமரிப்பவர்களின் சம்மதத்தை முதலில் கேட்க வேண்டும் என்ற விதி, நிகழ்ச்சி தொடங்கிய பிறகு வராமல் முதல் நாளிலேயே இருந்திருந்தால், நிறுவனம், பராமரிப்பவர்கள், மாணவர்கள் ஆகிய மூவருமே அந்த வேதனையிலிருந்து தப்பியிருப்பார்கள்.

என் சொந்த அனுபவம் இதைவிடச் சிறியது. ஆனாலும் என்னை அதிகம் பாதித்தது. நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தின் சார்பில், சென்னையில் ஒரு சனிக்கிழமை நிரலாளர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்தினோம். வருகைப் பதிவுக்காக என்று சொல்லிக் கைப்பேசி எண்களை வாங்கினோம். வந்தவர்கள் மாலை வரை அமர்ந்து கற்றுக்கொண்டு மகிழ்ச்சியோடு சென்றார்கள். திங்கட்கிழமை அந்தப் பட்டியல், எனக்குத் தெரியாமலே, விற்பனை அழைப்புகளுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் வேறொரு சந்திப்பில் நான் பேச எழுந்தபோது, முன்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர், "சார், நாங்கள் படிக்க வந்தோம். எங்கள் நம்பரை ஏன் விற்பனைக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பெற்ற தகவலைச் சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் தலைகுனிந்ததற்குச் சட்டம் காரணமில்லை. அவர்கள் என் முகத்தை நம்பி எண்ணைக் கொடுத்திருந்தார்கள்.

இதைச் சொல்வதால் மார்க்கெட்டிங் பிரிவினரைக் குறைத்துப் பேசுவதாகக் கருத வேண்டாம். தொடர்புப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு செருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. நல்ல வழிகாட்டி எழுதினால் அது தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி, எங்கள் சேவையின் பெயரையே தலைப்பாக இட்டு நான் எழுதிய கட்டுரைகளைப் பல மாதங்களாக யாரும் படிக்கவில்லை. மக்கள் கூகுளில் எங்கள் பெயரைத் தேடுவதில்லை என்றும், தங்களுக்கு வந்த பிழைச் செய்தியை அப்படியே ஒட்டித் தேடுகிறார்கள் என்றும் எடுத்துக்காட்டியவர் மார்க்கெட்டிங்கில் இருந்த ஒரு சக ஊழியர்தான். தலைப்புகளை மாற்றினோம், படிப்பவர்கள் வந்தார்கள். மேலே குறிப்பிட்ட டிஜிட்டல் ஓஷன் நிறுவனமே இதற்கும் சான்று. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வரை அமைப்பது முதலான வேலைகளுக்கு அது வெளியிட்டுள்ள எண்ணற்ற பாடங்கள், அதன் வாடிக்கையாளர் அல்லாதவர்களுக்கும் பயன்படுகின்றன. தேடி வருபவர் எதைத் தேடுகிறார் என்று அறிவது மார்க்கெட்டிங்கின் திறமை. அவர் கையில் கொடுப்பது ஓடக்கூடிய நிரலாக இருப்பது தொடர்புப் பிரிவின் பொறுப்பு.

தொலைபேசி அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் நிரல்வழி அனுப்ப உதவும் ட்விலியோ நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ நெடுஞ்சாலையோரம் வைத்த விளம்பரப் பலகையில், 'உங்கள் நிரலாளரைக் கேளுங்கள்' என்னும் பொருள்பட மூன்றே ஆங்கிலச் சொற்கள் இருந்தன. காரில் செல்லும் மேலாளரை நோக்கிய அந்த விளம்பரம், அவருடைய அலுவலகத்தில் அச்சேவையை ஏற்கெனவே ஓட்டிப் பார்த்து நம்பும் நிரலாளர் ஒருவர் இருந்தால் மட்டுமே பலிக்கும். தொடர்புப் பிரிவு பல ஆண்டுகளாகச் செய்த வேலையின் மீது மார்க்கெட்டிங் நின்று பேசியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இப்போது நான் இருக்கும் குழுவில் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறோம். புதிய வசதி ஒன்றை அறிவிக்கும் தேதியை, எங்களில் ஒருவர் எதுவும் நிறுவப்படாத கணினியில் வழிகாட்டியை முதல் வரியிலிருந்து பின்பற்றி, கடைசிப் படிவரை சென்று பார்த்த பிறகே மார்க்கெட்டிங் பிரிவு முடிவு செய்கிறது. இதனால் அறிவிப்பு இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. ஒரு முறை பாதியில் நின்றது எங்கள் தவறு, மறுமுறை நாங்கள் சார்ந்திருந்த வேறொரு மென்பொருளின் பதிப்பு மாறியிருந்தது. தேதி தள்ளியதற்காக மார்க்கெட்டிங் பிரிவினர் கோபப்படவில்லை. சோதனை நடக்கும்போது அவர்களும் அருகில் அமர்ந்து பார்த்திருந்தார்கள்.

சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் பைத்தான் நிரல்மொழிக் குழுவும் தன்னார்வலர்களின் உழைப்பால் பல ஆண்டுகளாகச் சந்திப்புகளை நடத்தி வருகின்றன. இத்தகைய குழுக்களுக்கு இடமும் தேநீரும் கொடுத்து ஆதரிக்க முன்வரும் நிறுவனங்கள், பதாகையோடு, கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்த ஒருவரையும் அனுப்ப வேண்டும். பெயர்ப் பட்டியல் கேட்பதற்கு முன் அமைப்பாளர்களிடம் அனுமதி பெற வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போன பிறகும் அந்த நிரலை ஓட்டிப் பார்த்தார்கள் என்றும் நிறுவனத்தாரிடம் கேட்க வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிரலாளர் தொடர்புப் பிரிவு ஊழியர் ஒருவர்,
சென்னை