மாமாவின் கருமாதி முடிந்தது

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் லீவு முடிந்து திரும்பும் கீழ் லயத்துப் பையனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கருமாதி நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய காசில்தான் சாப்பாடு. அத்தை வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நீ எங்கே என்று கேட்டவர்களுக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை.

கிரிந்தக் கடற்கரையிலிருந்து மாமாவோடு சிங்கி இறால் பிடித்த சிங்கள ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள்தான் அந்தத் தொழிலைப் பற்றிச் சொன்னார்கள். சிங்கி இறால் பகலில் பாறை இடுக்கில் ஒளிந்துகொள்ளுமாம், இரை தேடுவது ராத்திரியில்தானாம். அந்தியில் வலையை இறக்கிவிட்டு விடியக்காலை போய் எடுப்பார்களாம். உயிரோடு இருந்தால்தான் விலை. வயிற்றில் முட்டை இருந்தால் மாமா திரும்பக் கடலில் விட்டுவிடுவாராம். சட்டமும் அதுதான், ஆனால் எத்தனை பேர் பார்க்கிறார்கள்? மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய மனிதர், கல்யாணத்துக்கு அப்புறம்தான் நீச்சலே பழகினார்.

பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சிங்கி பிடிக்கத் தடை. மற்றவர்கள் வேறு மீனுக்குப் போவார்கள். இவர் திஸ்ஸ, வெல்லவாய என்று பஸ் மாறி இங்கே அப்புத்தளை வீட்டுக்கு வந்துவிடுவார். ஒழுகும் தகரத்துக்குத் தார் பூசுவார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவார். அத்தைக்கென்று அவித்துக் கட்டிவந்த இறால் பஸ்ஸிலேயே நாறி, கண்டக்டர் அவரை இறக்கிவிடப் பார்த்த கதைதான் உனக்குத் தெரியுமே.

உன்னை அவரோடு ஒப்பிடவில்லை. கட்டாரிலிருந்து பஸ் ஏறி வர முடியாது என்று எனக்கும் தெரியும். சின்னவள் முதலாம் ஆண்டுக்குப் போகிறாள். மருமகள் ஒன்றும் சொல்வதில்லை. கேட்டால் "அவருக்கு வேலை அதிகம்" என்கிறாள். போன் வந்ததா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

காசு ஒழுங்காக வருகிறது. காசைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் நிற்காதே. போன் எடு. எனக்கு இல்லை, அவளுக்கு. லீவு எப்போது என்பதையும் அவளிடமே முதலில் சொல், அப்புறம் எங்களுக்குச் சொன்னால் போதும். உன் அம்மாவும் இதையே எழுதச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை உனக்கு வேலை இல்லைதானே? லயத்தில் சிக்னல் கிடைப்பதில்லை, கோயிலடியில் கிடைக்கும். எத்தனை மணிக்கு எடுப்பாய் என்று சொல், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறேன்.

அப்பா