குற்றாலம் போகிறோம், அருவியில் குளிக்கப் போவதில்லை: 8, 9-ஆம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் ஜூலை மாதம் மூன்றாவது புதன்கிழமை, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை மூன்று ஊர்களுக்கும் ஒரு நாள் சுற்றுலா அழைத்துப் போகிறோம். இந்தச் செய்தி ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். கூடவே இன்னொன்றும் வந்திருக்கும்: "குளிக்க விட மாட்டாங்களாம்." கடந்த ஒரு வாரமாகப் பள்ளி வாசலில் என்னை நிறுத்திப் பேசிய பெற்றோர்களில் பெரும்பாலோர் கேட்டது அதைத்தான். "சார், குற்றாலத்துக்குப் போய்ட்டு குளிக்காம வர்றதா? அதுக்கு எதுக்கு சார் போகணும்?" நியாயமான கேள்வி. வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாததால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எந்த அருவியிலும் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கப் போவதில்லை. தண்ணீர் அளவாக விழுந்தாலும் சரி, மற்றவர்கள் எல்லோரும் குளித்துக்கொண்டிருந்தாலும் சரி. பேரருவிக்கு எதிரே, சாரல் வந்து முகத்தில் அடிக்கும் தூரத்தில் நிற்போம். நனையட்டும், தடுக்க மாட்டோம். அதற்கு மேல் ஓர் அடிகூட இல்லை.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகளைவிட ஓரிரு வயதுதான் மூத்தவன். அன்று அங்கே இருந்தவர்கள் யாரும் அசட்டையாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்த மலையின் அமைப்பே அப்படி.

மழை நம் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. மலைக்கு மேலே, காட்டுக்குள், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பெய்யும். கீழே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே பெய்த தண்ணீர் ஊறி நிற்க அந்தச் சரிவில் இடம் கிடையாது. பாறை, செங்குத்து, குறுகலான ஓடை. அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். வருவதற்கு முன் அடையாளம் காட்டும். ஆனால் அதைக் கவனிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாலாக விழுந்த தண்ணீரின் ஓரத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு ஓடும். பிறகு இலை, சுள்ளி, மரப்பட்டைத் துண்டு வரும். சத்தம் கனக்கும். குளித்துக்கொண்டிருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. தலையில் தண்ணீர் கொட்டும்போது கண் மூடியிருக்கும், காது அடைத்திருக்கும். நாற்பது பிள்ளைகள் அந்த நிலையில் நிற்க, ஐந்து ஆசிரியர்கள் கரையில் நின்று கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். என்னால் நினைக்க முடியவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில், வேறோர் அருவிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தோம். எல்லோரும் குளித்து முடித்து வண்டியில் ஏறியாயிற்று. எண்ணினோம். 41. மறுபடி எண்ணினோம். 41. வர வேண்டியது 42. நான் வந்த வழியே ஓடினேன். அந்தப் பையன் அருவிக்கரைப் படிக்கட்டில், ஈரத்துணியோடு, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொன்று தண்ணீரோடு போய்விட்டதாம். வீட்டில் அடிப்பார்களே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டு வரை ஓடிய தூரத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை. அதனால்தான், செருப்பு தொலைந்தாலும் கண்ணாடி தொலைந்தாலும் தேட வேண்டாம், எங்களிடம் சொன்னால் போதும், யாரும் திட்ட மாட்டோம் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வீட்டில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள்.

சரி, குளிக்காமல் என்ன செய்யப் போகிறோம்?

காலை ஆறு மணிக்குப் பள்ளியிலிருந்து கிளம்புகிறோம். முதலில் தென்காசி. கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதால் குற்றாலத்தைப் பின்னால் வைத்திருக்கிறோம். நம்முடன் நாள் முழுக்க ஒரு வழிகாட்டி வருகிறார். அந்தப் பக்கத்து ஊர்க்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர். அவரைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் இந்தச் சுற்றுலாவையே முடிவு செய்தேன். பிள்ளைகளை ஊர் ஊராக இறக்கி, "சுத்திப் பாத்துட்டு ஒரு மணி நேரத்துல வாங்க" என்று அனுப்புகிற சுற்றுலாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லிக் காட்ட ஆள் இல்லாவிட்டால் எந்தக் கோயிலும் பிள்ளைகள் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபில் வந்த அரசர். அவருடைய பாடல் ஒன்று அங்கே கல்வெட்டில் இருக்கிறது. பொதுவாகக் கல்வெட்டுகளில் அரசர்கள் என்ன எழுதுவார்கள்? இந்தத் தருமத்துக்குத் தீங்கு செய்கிறவன் இன்ன பாவத்தில் போவான் என்று எழுதுவார்கள். இவர் அப்படி எழுதவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை உலகம் அறிய நான் பணிகிறேன் என்று சொல்கிறார். ஓர் அரசர், இன்னும் பிறக்காத ஒருவரை வணங்குகிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் அது.

குறையும் வந்தது. ராஜகோபுரம் சிதைந்து, பல தலைமுறைக்கு மொட்டையாகவே நின்றது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி அந்தப் பக்கம் போய் வந்தவர்களாக இருந்தால் கேட்டுப் பாருங்கள், மேற்பகுதி இல்லாத கோபுரத்தைப் பார்த்த நினைவு இருக்கும். பிறகு ஊர் கூடி ஒன்பது நிலைக் கோபுரமாக எழுப்பி, 1990-ல் குடமுழுக்கு நடந்தது. அந்த அரசர் பணிந்தது யாரை என்று பிள்ளைகள் கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். கோபுர வாசலில் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிற்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே வீசுகிற காற்றைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

அந்தக் காற்றுதான் அன்றைய நாளின் பாடமும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. மழையெல்லாம் கேரளப் பக்கம் கொட்டிவிட, நம் பக்கம் மழை மறைவுப் பகுதியாகிவிடுகிறது. இதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை கொஞ்சம் வழிவிடுகிறது. அந்த இடைவெளி வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் நுழைகிறது. ஜூன் முதல் குற்றாலத்தில் சாரல் விழுவதும், சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் ஒரே காற்றால்தான். நம் அறிவியல் ஆசிரியை வண்டியிலேயே இதைச் சொல்லிவிட்டு, காற்றாலை எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று பிள்ளைகளைக் குறித்து வைக்கச் சொல்லப் போகிறார்.

குற்றாலத்தில் முதலில் சித்திரசபை. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிரசபை, திருவாலங்காட்டில் இரத்தினசபை. இங்கே ஆடவல்லான் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக இருக்கிறார். பழைய ஓவியங்கள். கை வைக்கக் கூடாது, சாயக் கூடாது. வகுப்புக்கு இருபது இருபது பேராக உள்ளே போவார்கள். வரையத் தெரிந்த பிள்ளைகள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வரட்டும். அவர்களுக்கு அங்கே கூடுதல் நேரம் தருகிறோம்.

பிறகு பேரருவி. ஒரு மணி நேரம். அதில் பாதி நேரம் பேச்சே கிடையாது, பார்க்க மட்டும்தான். பேரருவியை நம்மில் எத்தனையோ பேர் எத்தனையோ முறை பார்த்திருப்போம். நடுவில் அது ஒரு முறை மறைவதைக் கவனித்திருக்கிறோமா? மேலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. பாதி வழியில் பாறைக்குள் இருக்கும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே கொந்தளித்து நிரம்பி, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பொங்குமாகடல் என்று பெயர். தண்ணீரின் வேகத்தை அது வாங்கிக்கொள்வதால்தான் கீழே நிற்கிற மனிதர் அந்த அருவியைத் தலையில் தாங்க முடிகிறது. அருவிக்கு அடியில் நிற்பவருக்குப் பொங்குமாகடல் தெரியாது. எதிரே தள்ளி நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். நாம் நிற்கப் போவது அங்கேதான்.

அடிவாரத்தில் ஒரு வளைவு இருக்கிறது. "பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது" என்று செய்தியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள், அந்த வளைவுதான். தண்ணீர் அதைத் தாண்டினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு அவர்கள் பெரியவர்களாகி நண்பர்களோடு வருவார்கள். அப்போது நாம் யாரும் கூட இருக்க மாட்டோம். தண்ணீரின் நிறம் மாறுவது, சத்தம் மாறுவது, வளைவு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஏறி ஓட வேண்டும், இவையெல்லாம் அன்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும். குளிக்க விடாத ஒரு மணி நேரத்தை இதற்காகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. வழியில் எத்தனையோ ஊர்கள் அதைக் குடிக்கின்றன, வயலுக்குப் பாய்ச்சுகின்றன. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருப்பது இதனால்தான். பிளாஸ்டிக் பை, உறைகளில் எதையும் கொடுத்து அனுப்ப வேண்டாம். சாப்பாடு டிபன் பாக்ஸில், தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். குரங்குகள் பிடுங்கும். பயந்துபோய்ப் பின்னால் நகர்கிற பிள்ளைதான் வழுக்கி விழும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செங்கோட்டை. அங்கே அதிக நேரம் இல்லை. ஊர் நுழைவில் உள்ள பழைய வளைவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு முத்திரையைப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை என்பது வரைபடத்தில் மாறிய கோடு, மக்கள் அதே மக்கள் என்பதை அந்த ஊரில் நின்று சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடும். வாஞ்சிநாதன் பிறந்த ஊரும் அதுவே. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் என்ன நடந்தது என்பதை அவர் சிலை அருகே வழிகாட்டி சொல்வார். அதோடு கிளம்பிவிடுவோம். இரவு எட்டு மணிக்குள் பள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். தாமதமானால் வகுப்பாசிரியர் வழியாகத் தகவல் வரும்.

புதன்கிழமையை ஏன் வைத்தீர்கள், வகுப்பு போகிறதே என்று சிலர் கேட்டார்கள். சாரல் நாட்களில் சனி, ஞாயிறு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நாளைக் கழிக்க நான் விரும்பவில்லை. விட்டுப்போன பாடவேளைகளை ஒரு சனிக்கிழமையில் ஈடுசெய்வோம்.

சுற்றுலாவுக்கு முந்தைய நாள் மலையில் கனமழை பெய்தால், அல்லது மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தால், குற்றாலம் மட்டும் ரத்தாகும், தென்காசியும் செங்கோட்டையும் நடக்கும். பிள்ளைகள் அன்று ஏமாற்றப்பட்டதாக நினைக்காமல் இருக்க, இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள்.

கட்டணம் கட்ட முடியாத சூழ்நிலை யாருக்காவது இருந்தால், தயங்காமல் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைக்குக்கூடத் தெரிய வேண்டாம். பணத்தால் ஒரு பிள்ளையும் அன்று வீட்டில் இருக்கக் கூடாது.

வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை, வண்டியில் வாந்தி, எதுவாக இருந்தாலும் ஒப்புதல் படிவத்தின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். வளர்ந்த பெண் பிள்ளைகளுக்குத் தேவையானவற்றை உடன் வரும் மூன்று ஆசிரியைகளும் வைத்திருப்பார்கள். அவர்களிடம் கூச்சமின்றிக் கேட்கலாம் என்று அம்மாக்கள் மகள்களிடம் சொல்லுங்கள். உடன் வர விரும்பும் பெற்றோர்கள் நான்கு பேருக்கு வண்டியில் இடம் இருக்கிறது. அவர்களும் அன்று குளிக்க முடியாது என்பதை அன்போடு சொல்லிக்கொள்கிறேன். பெரியவர் ஒருவர் இறங்கினால் பிள்ளைகளை நிறுத்த முடியாது.

கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் சுற்றுலாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். படிவத்தில் "குளிக்க அனுமதியில்லை என்பதை என் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பிள்ளையிடம் சொன்ன பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: மாற்றுடை ஒரு செட்டும் துண்டும் கட்டாயம் கொடுத்து அனுப்புங்கள். சாரலிலேயே நனைந்துவிடுவார்கள்.