தொட்டியின் நிழல்

உறையூர்,
பங்குனி 14

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் அவளை விடாதே, நீயே பார்த்துக்கொள். இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் குறையில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகள் கரூரிலிருந்து சித்திரையில் வருகிறாள்.

பக்கத்து வீட்டு டிஷ் விவகாரம் என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். தீர்ந்துவிட்டது. அதில் உனக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். தையில் எழுதியது கோபத்தில் எழுதியது, பாதிதான் உனக்குப் புரிந்திருக்கும். முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பத்திரத்திலேயே பொதுச்சுவர் என்றுதான் போட்டிருக்கிறது. அதுதான் மேலே மொட்டைமாடியில் மூன்றடி கைப்பிடிச் சுவராக நிற்கிறது. ஐப்பசியில் நாங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், டிஷ் மாட்ட வந்த பையன் அந்தச் சுவரின் தலையில் நான்கு ஓட்டை போட்டு, ஆங்கர் போல்ட் இறக்கி, தட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்து மாடி ஏறினால், தட்டில் பாதி எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, வடாம் காய வைக்கிற இடத்துக்கு நேர் மேலே. ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் முதலில் உறைத்தது.

சரி, போகட்டும் என்றுதான் இருந்தேன். கார்த்திகை மழை விடவில்லை. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, படுக்கையறை மூலையில் கையகலத்துக்குப் பூச்சு உப்பியது. பத்து நாளில் முழங்கை நீளம் ஆகிவிட்டது. விரல் வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கப் பூசணம். அன்றைக்கே வாசலில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், சார் என்று கூப்பிடாமல் பேசவே மாட்டார். அன்றைக்கு அவரும் குரலை உயர்த்தினார். "உங்க டேங்க் மறைக்குதுன்னு டிஷ் பையன் சொன்னான். வேற எங்க சார் மாட்டறது?" என்றார். "என் டேங்க் என் மாடியில இருக்கு" என்றேன். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு கொடு என்றார் தெருவில் ஒருவர். வக்கீல் நோட்டீஸ் விடு என்றார் இன்னொருவர். வீட்டில் இவள் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு அந்தச் சுவரைத் தாண்டிச் சர்க்கரைப் பொங்கல் கிண்ணம் போகவும் இல்லை, வரவும் இல்லை. 22 வருஷத்தில் அது முதல் தடவை. எனக்கு அது ரொம்பவே வலித்தது, ஆனாலும் நான் போய்ப் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. அதற்கு முன்பெல்லாம் வைகுண்ட ஏகாதசிக்குக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்விட்டு வந்து, எங்களுக்கும் துளசி கொடுப்பார். இந்த மார்கழியில் விடியற்காலை நான் விழித்துக்கொண்டு படுத்திருந்தபோது, ஈரம் பூத்த அதே சுவர் வழியாக டிவி சத்தம் கேட்டது. சொர்க்கவாசல் திறக்கிறார்கள். ரங்கா ரங்கா என்ற கூட்டத்தின் சத்தத்தோடு அந்த அம்மாவின் குரலும் சேர்ந்து வந்தது. அந்தத் தட்டு அங்கே எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தைத்தது.

அப்புறம் மாசி கடைசி. ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு அவரே வாசலுக்கு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "மூணு நாளா பார்க்கிறேன். நீங்க மாடிக்குப் போற நேரத்துல படம் போகுது. அம்மா தவிக்கிறாங்க. டிஷ்ஷைத் தொடாதீங்க சார்" என்றார். நான் தினமும் பதினொரு மணிக்கு வடாம் திருப்பிவிட மேலே போகிறவன். பதிலுக்குக் கத்த வாயெடுத்துவிட்டேன். ஆனால் எதுவோ தட்டியது. "சரியா எத்தனை மணிக்குப் போகுது?" என்று கேட்டேன். "பதினொண்ணேகால் வாக்குல. அஞ்சு பத்து நிமிஷம். அப்புறம் தானா வந்துடுது" என்றார்.

தானாக வந்துவிடுகிறது என்றதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. பொன்மலை ரயில்வே காலனியில் கேபிள்காரர் மாடியில் வைத்திருந்த அந்தப் பெரிய கம்பிவலை டிஷ் நினைவிருக்கிறதா? 1993 ஏப்ரலில் சன் டிவி வந்து, காலனியே கேபிள் இழுத்துக்கொண்ட காலம். அடுத்த வருஷம் மார்ச்சில் தினமும் முற்பகலில் படம் போக, பணத்தைத் திருப்பிக் கொடு என்று கூட்டமாய்ப் போய் நின்றோம். சிக்னல் டிபார்ட்மெண்டிலிருந்து டியூட்டி முடிந்து வந்த நீ, அவர் வீட்டுச் சுவரிலேயே கரிக்கட்டியால் படம் போட்டாய். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கிறது, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் அதற்கு நேர் பின்னால் வந்துவிடுகிறது, சூரியன் போடுகிற இரைச்சலில் செயற்கைக்கோளின் சின்னக் குரல் டிஷ்ஷுக்குக் கேட்காமல் போகிறது என்றாய். அன்றைக்குக் கேபிள்காரர் தப்பித்தார்.

அதையே இவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "நாளைக்குப் பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் மாடியில நிப்போம், உங்க பையன் கீழே டிவி முன்னால உட்காரட்டும்" என்றேன்.

மறுநாள் அவர் அவர் மாடியில், நான் என் மாடியில். நல்ல வெயில். அவர் வைத்திருப்பது மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ். அது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவியது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், ஏறத்தாழ 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, கொஞ்சம் கிழக்கு தூக்கலாக. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து பையன் "போயிடுச்சு!" என்று கத்தினான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன், டிஷ்ஷிலிருந்து ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவர் டிஷ்ஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டுக்கு முன்னால் கம்பி நுனியில் சிக்னலை வாங்குகிற எல்என்பியின் நிழல் தட்டின் கீழ் விளிம்பை ஒட்டி விழுந்திருந்தது.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு இன்னொன்று பொறி தட்டியது. சூரியன் இப்போது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் இருக்கிறது என்றால், வெயில் விழுகிற இடமெல்லாம் செயற்கைக்கோளும் பார்க்கிற இடம். நிழல் விழுகிற இடம் மட்டும்தான் மறைவு. "தம்பி, டேங்க் நிழல் உங்க தரையில எதுவரைக்கும் இருக்கு பாருங்க, சீக்கிரம் கோடு போடுங்க" என்றேன். அவர் ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, குனிந்து, நிழலின் ஓரமாகக் கோடு இழுத்தார். தொட்டியின் தலை மாடித் தரையிலிருந்து பத்தடி. நிழல் சுவரிலிருந்து நான்கடிகூட வரவில்லை. அதற்கு அப்பால் அவருடைய மாடி முழுக்க வெயில்.

அவர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். "அப்ப சுவத்துல மாட்ட வேண்டியதே இல்லையே சார்" என்றார்.

இல்லைதான். டிஷ் மாட்ட வந்த பையனையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சின்னத் தட்டின் முகம் தொட்டியைப் பார்க்கிற மாதிரியேதான் இருக்கும். எல்என்பி நடுவில் மறைக்கக் கூடாது என்று தட்டையே அப்படிச் செய்திருக்கிறார்கள்: முகம் பார்க்கிற திசைக்கு 20 டிகிரிக்கும் மேலே இருந்துதான் அது வாங்கிக்கொள்கிறது. திருச்சியில் ஜிசாட்-15 ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட தலைக்கு மேலே. தொட்டியிலிருந்து ஓரடி தள்ளிப் போனால் இரண்டரையடி உயர மறைப்பைத் தாண்டிவிடும். கார்த்திகையிலேயே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தரம் மாடி ஏறியிருந்தால் இந்த நான்கு மாதம் இல்லை. நான் பெரியவன், நான்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அதை அவரிடமும் சொன்னேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தோம். கடையில் அடி ஓட்டையாகிக் கிடந்த ஒரு அண்டாவைத் தூக்கி வந்தார். சுவரிலிருந்து ஆறடி தள்ளி அதை வைத்து, நடுவில் ஜிஐ பைப்பை நிறுத்தி, ஜல்லியும் சிமெண்டும் கொட்டினோம். பைப் நட்டமாக இல்லாவிட்டால் சிக்னல் பிடிக்கத் தலைகீழாக நிற்க வேண்டும், அதனால் ஒர்க்ஷாப் காலத்து நூல்குண்டைத் தேடி எடுத்துத் தொங்கவிட்டேன். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கழற்றி அதில் ஏற்றினோம். அவர் நூலளவு நூலளவாகத் திருப்ப, கீழேயிருந்து பையன் "இன்னும் கொஞ்சம்ப்பா... போயிடுச்சு... பழையபடி வா" என்று கத்த, இருபது நிமிஷத்தில் படம் நின்றது. தரையில் ஒரு போல்ட் இல்லை, சுவரில் ஒரு ஓட்டை இல்லை.

பழைய நான்கு ஓட்டைகளை அவரே கொத்தனாரைக் கூட்டி வந்து, நீர் இறங்காத கலவை போட்டு அடைத்தார். என் அறைப் பூச்சுக்கு முழுச் செலவும் கொடுக்கிறேன் என்றார். பொதுச்சுவர், பாதிதான் வாங்குவேன் என்று பாதி வாங்கிக்கொண்டேன். அதில் அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. பிறகு உள்ளே கூட்டிப் போனார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா இத்தனை நாளா வரலை?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த வருஷ வடாம் எப்படி வந்திருக்கிறது என்று இவளை விசாரித்தார். சாயங்காலமே ஒரு தூக்கில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

புரட்டாசியில், செப்டம்பர் கடைசியில், திரும்பவும் சில நாள் பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் படம் போகும் என்று பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காலண்டரில் குறித்துக்கொண்டான். அது ஏன் மார்ச்சிலும் செப்டம்பரிலும் மட்டும் வருகிறது, ஏன் சில நாளில் நின்றுவிடுகிறது என்று துருவித் துருவிக் கேட்கிறான். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். தங்கச்சிக்குக் கண் தேறிவிட்டால் இரண்டு பேரும் அந்தச் சமயத்துக்கு இங்கே வந்துவிடுங்கள். சுவரில் நீயே கரிக்கட்டியால் படம் போட்டு அவனுக்குச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்