சத்தம் எப்போது வருகிறது என்பதே முதல் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பராமரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பகுதி பயனுள்ளதாகவே இருந்தது. ஆனால், மேனுவல் கியர்பாக்ஸில் சத்தம் கேட்டால் சற்றுக் கெட்டியான ஆயிலை ஊற்றிப் பார்க்கலாம் என்றும், அதற்கும் அடங்காவிட்டால் கியர்பாக்ஸையே மாற்றிவிடலாம் என்றும் இரண்டே வரிகளில் சொல்லிவிட்டுப் போயிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த இரண்டு யோசனைகளுக்கும் நடுவில், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பங்கை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே முடித்துவிடலாம் என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் போனதும் சத்தம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் விவரிப்பார்கள். ஊளையிடுகிறது, உறுமுகிறது, கரகரக்கிறது என்று ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் வேறாக விழும். அதைவிட, சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொண்டு போவதே பலன் தரும். கியர்பாக்ஸுக்குள் ஒவ்வொரு நிலையிலும் சில பாகங்கள் சுழல்கின்றன, சில நிற்கின்றன, சிலவற்றின் மீது மட்டும் சுமை ஏறுகிறது. எந்த நிலையில் சத்தம் மாறுகிறது என்று தெரிந்தால், குற்றவாளிகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

முதல் சோதனைக்கு வண்டி நகர வேண்டியதே இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, நியூட்ரலில் வைத்து, கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். அந்த நிலையில், கிளட்ச் வழியாக இன்ஜினின் சுழற்சியை உள்ளே கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டும், பற்சக்கரங்களால் அதனோடு இணைந்த துணைத் தண்டான லே ஷாஃப்ட்டும் சுழன்றுகொண்டிருக்கும். கிளட்சை முழுவதுமாக மிதித்துப் பிடித்தால் அவை மெல்ல நின்றுவிடும். காலை எடுத்திருக்கும்போது கேட்ட சத்தம், மிதித்ததும் மறைந்தால், இன்புட் ஷாஃப்ட் பேரிங்கையோ லே ஷாஃப்ட் பேரிங்குகளையோ சந்தேகிக்கலாம். இதற்கு நேர்மாறாக, பெடலைத் தொட்டதும் சத்தம் தொடங்கினால் அது பெரும்பாலும், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். பெடல் முழுவதும் மிதிபட்டு, கியரும் விழுந்து, வண்டி நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால், இன்ஜினின் பிரதான சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில், இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கி இருக்கும் பைலட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஏனெனில் இன்புட் ஷாஃப்ட் அசையாமல் நிற்க, கிராங்க் ஷாஃப்ட் மட்டும் சுற்றும் அந்த வேளையில்தான் பைலட் பேரிங்குக்கு முழு வேலை. இந்தக் கடைசி இரண்டும் கியர்பாக்ஸின் உட்புறத்தைச் சேர்ந்தவையே அல்ல. இவற்றுக்காக நல்ல கியர்பாக்ஸை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நியூட்ரலில், ஆக்சிலரேட்டரைத் தொடாத ஐடில் ஓட்டத்தில் கேட்கும் கடகடப்பு எல்லாமே பேரிங் தேய்மானம் அல்ல. இன்ஜின் ஐடிலில் ஒரே சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் சற்றே துள்ளுகிறது. அந்தத் துள்ளலில், சுமையில்லாமல் சுற்றும் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. முந்தைய உரிமையாளர் யாரேனும் இன்ஜின் சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று இன்ஜினின் துள்ளலை உள்வாங்கும் கனமான சக்கரமான இரட்டை நிறை ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீலைப் போட்டிருந்தால் இந்தத் தட்டல் பலமடங்கு கேட்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த மாற்றம் மிகச் சாதாரணம். ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்து ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே சுழற்சியை உயர்த்தியதும் கடகடப்பு மறைந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. பேரிங் சத்தமாக இருந்தால் அது மறையாது. சுழற்சி கூடக் கூடச் சுருதியும் ஏறிக்கொண்டே போகும்.

அடுத்தது ஓட்டிப் பார்க்கும் சோதனை. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் மதிப்புமிக்கது. ஆனால், பலரும் இதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. இன்ஜின் முன்னால், உந்துசக்கரங்கள் பின்னால், இடையில் நீளவாக்கில் கியர்பாக்ஸ் என்று அமைந்த கார்களில், ஏதோ ஒரு கியர் நேரடி கியராக இருக்கும். அந்தக் கியரில் இன்புட் ஷாஃப்ட்டும், விசையை வெளியே கொண்டுசெல்லும் மெயின் ஷாஃப்ட்டும் பூட்டப்பட்டு ஒன்றாகவே சுற்றும். இன்ஜினின் விசை லே ஷாஃப்ட்டைத் தொடாமல் நேராகப் பின்னால் போகும். லே ஷாஃப்ட் சுழலத்தான் செய்யும், ஆனால் அதன் மீது சுமை இருக்காது. எனவே, மற்றக் கியர்களில் உறுமிக்கொண்டிருந்த கியர்பாக்ஸ் நேரடி கியரில் அடங்கிப்போனால், லே ஷாஃப்ட்டையும் அதன் பேரிங்குகளையும் அதனோடு எப்போதும் பிணைந்திருக்கும் பற்சக்கர ஜோடியையும் நோக்கியே விரலை நீட்டலாம். நேரடி கியரிலும் சத்தம் துளியும் குறையவில்லை என்றால், மெயின் ஷாஃப்ட்டின் பின்புற பேரிங்கையோ, கியர்பாக்ஸுக்கு அப்பால் விசையைப் பின்னால் கடத்தும் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஆகியவற்றையோ சோதிக்க வேண்டும்.

எந்தக் கியர் நேரடி கியர் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இச்சோதனையில் இறங்கக் கூடாது. 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஐந்து கியர் பெட்டியில் அது நான்காவது கியர். பின்னர் அதே காரின் இரண்டாம் தலைமுறையில் வந்த ஆறு கியர் பெட்டியில் அது ஐந்தாவது. ஐரோப்பாவில் விற்கப்பட்ட முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3 காரில் முதல் கியர் இடப்பக்கம் கீழே விழும் ஐந்து கியர் பெட்டி இருந்தது. அதிலும் ஐந்தாவதே நேரடி கியர். பின்புறம் இன்ஜின் வைத்த போர்ஷே 911, நடுவில் இன்ஜின் வைத்த டொயோட்டா எம்ஆர்2 போன்றவற்றில் நேரடி கியர் என்ற ஒன்றே கிடையாது. எல்லாக் கியர்களிலும் விசை ஒரு ஜோடிப் பற்சக்கரங்களின் வழியாகவே போகிறது. டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள் அமர்ந்திருக்கிறது. அந்தக் கார்களுக்கு வேறு வழிகளைத்தான் நாட வேண்டும்.

அத்தகைய வழிகளில் ஒன்று, அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தும் விட்டும் பார்ப்பது. இக்காலப் பற்சக்கரங்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. அதனால் விசை போகும்போது ஷாஃப்ட் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். காலை எடுத்து, சக்கரங்கள் இன்ஜினை இழுக்கும்போது எதிர்ப்பக்கம் தள்ளப்படும். பற்களின் உரசும் முகமும் அப்போது மாறிவிடும். மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு விட்டதும் நிற்பதும், விட்டால் மட்டும் ஊளையிடுவதும் வெவ்வேறு தேய்மானங்களைக் காட்டுகின்றன. இந்தத் தகவல் பெட்டியைப் பிரிப்பவருக்கு மிகவும் உதவும். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால் அந்தக் கியரின் பற்களோ, மெல்லிய உருளைகள் கொண்ட அதன் ஊசி பேரிங்கோ காரணமாகலாம். முதல் கியரில் மெதுவாக ஊர்ந்து போகும்போது சீரான இடைவெளியில் ‘டக், டக்’ என்று தட்டினால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் காரை மேலும் ஓட்டுவது, உடைந்த துணுக்கு மற்றப் பற்களுக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்ள இடம் கொடுப்பதாகும்.

ரிவர்ஸில் மட்டும் ஊளை கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடலாம். பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸ் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. அவை ஊளையிடுவது இயல்பு.

வேகத்தைப் பொறுத்து மட்டும் மாறி, எந்தக் கியரில் இருந்தாலும் ஒரே சுருதியில் வரும் ஒலியை வைத்து உடனே கியர்பாக்ஸைக் குறை சொல்லக் கூடாது. அந்த வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, இன்ஜினை அணைக்காமல், வண்டியை ஓடவிட்டால் ஒலி அப்படியே தொடர்கிறதா என்று கவனிக்க வேண்டும். தொடர்ந்தால் முதலில் வீல் பேரிங், டயர், டிஃபரன்ஷியல் என்று தேட வேண்டும். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது ஒலி கூடி, மறுபக்கம் சாயும்போது குறைந்தால் அது அநேகமாக வீல் பேரிங்தான்.

சத்தத்தையும், கியர் மாற்றும்போது வரும் கறகறப்பையும் கட்டுரை ஒன்றாகக் கலந்துவிட்டது. கியர் விழும் அந்த நொடியில் மட்டும் பல்லைக் கடிப்பதுபோல் ஒலித்தால் அது பேரிங்கின் குறையல்ல. கியர் விழும் முன் பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது கிளட்ச் முழுவதும் விடுபடாமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் பிரிப்பது எளிது. வண்டி நிற்கும்போது கிளட்சை மிதித்துச் சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட வேண்டும். அப்போதும் கறகறத்தால் கிளட்ச் இழுக்கிறது. ஹைட்ராலிக் அமைப்பில் காற்று புகுந்ததா, கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறதா என்று பார்த்தால் போதும். ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓட்டத்தில் இரண்டாம் கியர் மட்டும் கடித்தால், டபுள் கிளட்ச் போட்டு, அதாவது நடுவில் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு மறுபடி மிதித்து, மாற்றிப் பார்க்கலாம். அப்படி மாற்றும்போது கறகறப்பு இல்லையென்றால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. 1967-க்கு முந்தைய எம்ஜி பி போன்ற சில கார்களில் முதல் கியருக்கு சிங்க்ரோவே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவற்றில் வண்டி ஓடும்போது முதல் கியருக்குப் போனால் கடிப்பது பழுதாகாது.

இனி, ஆயில். கெட்டியான ஆயில் தேய்ந்த பேரிங்கை நேராக்காது, சத்தத்தை மட்டும் மூடிவைக்கும். குளிர்ந்திருக்கும்போது சிங்க்ரோ வளையங்களின் வேலையையும் கடினமாக்கும். விற்பனைக்கு நிறுத்தும் காரின் பெட்டியில் மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அடக்கும் பழைய தந்திரத்துக்கும் இதற்கும் அதிகத் தொலைவு இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, தவறான வகை ஆயில். கியர் ஆயிலின் தரப் பிரிவுகளில் ஜிஎல்-5 வகையில் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் ஜிஎல்-4 வகையைவிட அதிகம். டிஃபரன்ஷியலுக்குத் தேவையான அவை, பித்தளையால் செய்யப்பட்ட சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துவராமல் போகலாம், வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யலாம். பல பெட்டிகளுக்கு 75 டபிள்யூ-90 என்ற கெட்டித்தன்மை கொண்ட ஜிஎல்-4 ஆயில் பொருந்தும். ஆனால், தானியங்கி கியர்பாக்ஸுக்கான ஆயிலையே கேட்கும் பிஎம்டபிள்யூ மேனுவல் பெட்டிகளும், இன்ஜின் ஆயிலிலேயே ஓடும் எம்ஜி பி பெட்டியும் உண்டு. எனவே, அந்தந்தக் காரின் கையேடு சொல்வதே முடிவு.

ஆயிலைப் பார்ப்பது அவசியம்தான், ஆனால் அதைச் சோதனையாகச் செய்ய வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முதலில் மேலே ஊற்றும் துளையின் பிளக்கைக் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், கீழே வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வழியில்லாமல் தவிக்க நேரிடும். அளவு குறைவாக இருந்தால் எந்த ஆயில் சீல் கசிகிறது என்று தேட வேண்டும். வடிப்பு பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல் ஒட்டியிருக்கும் பொடி இயல்பான தேய்மானம். விரலால் தேய்த்தால் நெருடும் செதில்களோ துணுக்குகளோ இருந்தால் பேரிங்கோ பல்லோ சிதைந்திருக்கிறது. ஆயிலில் பொன்னிற மினுமினுப்பு தெரிந்தால் அது சிங்க்ரோ பித்தளை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். நீண்ட காலம் நிற்கும் பெட்டிக்குள் ஈரம் படிந்து, ஆயிலுக்கு மேலே இருக்கும் பேரிங்குகள் துருப்புள்ளி விழுந்து போவதுண்டு. அப்படிப்பட்ட காரில் ஓட்டத் தொடங்கியதும் உறுமல் எழுந்தால், குறைந்த ஓட்டத் தூரத்தைக் காட்டி ஆறுதல் சொல்வதில் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால்தான் வண்டியை உயர்த்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பைப் பெட்டியின் முன்புறத்திலும் பின்புறத்திலும் வைத்து ஒப்பிட்டுக் கேட்கலாம். கியர் லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்தோ, கியர்பாக்ஸ் மவுன்ட்டிங் கடினமான ரகத்துக்கு மாற்றப்பட்டோ இருந்தால், எப்போதும் இருந்த இயல்பான ஒலியே உள்ளே பெரிதாகக் கேட்கும் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பெட்டியை இறக்கியே ஆக வேண்டும் என்று உறுதியானால், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்புற ஆயில் சீல் ஆகிய மூன்றையும் அந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. இவை தனித்தனியே கெட்டுப்போனாலும் மறுபடி பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். கெட்டியான ஆயிலை ஊற்றிப் பார்க்கலாம் என்ற அந்த வரிக்கு மட்டுமாவது, கையேட்டில் குறிப்பிட்ட ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற வேண்டாம் என்று தங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்